பந்தல் இங்கே, பந்தி எங்கே?

இரண்டு முறை உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை நடத்தியது ஜிம்பாப்வே. இரண்டு முறையும் ஒரே ஒரு வெற்றி குறைந்ததால் வாசலில் நின்றது. 2027-ல் தேர்வே எழுதாமல் உள்ளே போகிறது.

ஹராரே ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரண ஆள் அல்ல, நாட்டின் அதிபர். ஒரு பக்கம் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நிற்கும் அதிபர் மாளிகை. அருகிலேயே கோல்ஃப் மைதானம். முக்கோண முகப்பு வைத்த பழைய பெவிலியன், சுற்றிலும் ஜகரண்டா மரங்கள். சேப்பாக்கத்தையும் ஈடன் கார்டன்ஸையும் பார்த்துப் பழகியவர்கள் இதை ஸ்டேடியம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். சுமார் 10,000 பேர் கொள்ளும் இடம். நாற்காலி கிடைக்காவிட்டால் புல்லில் உட்காரலாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் மாலை நேரத்தில் பியர் குடித்துக்கொண்டே ஆட்டம் பார்த்த கிளப். அந்த வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் பியர் குடிப்பவர்கள் மாறிவிட்டார்கள். மைதானத்தின் ஒரு மூலைக்கு 'காசில் கார்னர்' என்று பெயர். பியர் கம்பெனி தந்த பெயர்தான். அங்கே டிரம் முழங்கும். ஷோனா மொழிப் பாட்டு ஒன்று கிளம்பினால் மூலை முழுவதும் எதிர்ப்பாட்டு எடுக்கும். பந்து வீசப்படுகிறதா, டீ இடைவேளையா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். அணி 100 ரன்னுக்குச் சுருண்டாலும் பாட்டு நிற்பதில்லை. பக்கத்திலேயே அடுப்புக் கரியில் இறைச்சி வாட்டும் புகை. ஜிம்பாப்வேயின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் என்றால், காசில் கார்னரைப் பார்க்க வருகிறவர்கள் மீதிப் பேர்.

அந்த மூலை ஒரே ஒரு நாள் வாயடைத்துப் போனது என்றால் அது 2018 மார்ச் 22-ஆக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2019-ல் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று அது. முதலில் அதை நடத்தவேண்டியது பங்களாதேஷ். ஆனால் அந்த அணி தரவரிசையில் முதல் எட்டுக்குள் வந்து நேரடியாக நுழைந்துவிட்டது. பரீட்சை எழுத வேண்டாதவன் வீட்டில் பரீட்சை ஹால் எதற்கு? பொறுப்பு ஜிம்பாப்வேக்கு வந்தது. 37 ஆண்டுகள் ஆட்சியிலிருந்த ராபர்ட் முகாபே 2017 நவம்பரில் பதவி விலகி நான்கு மாதமே ஆகியிருந்தது. முகாபே கிரிக்கெட் வாரியத்தின் புரவலராகவும் இருந்தவர். நாட்டில் ஏதோ மாறப்போகிறது என்ற எதிர்பார்ப்பு தெருவெல்லாம் இருந்தது. வீரர்களுக்குச் சம்பள பாக்கி, வாரியத்துக்குக் கடன், காலி நாற்காலிகள் என்று கிடந்த கிரிக்கெட்டுக்கும் அந்தக் காற்று கொஞ்சம் அடித்தது.

விதி கடுமையானது. முந்தைய உலகக் கோப்பையில் 14 அணிகள். 2019-ல் 10 மட்டுமே. எட்டு அணிகள் ஏற்கெனவே உட்கார்ந்தாகிவிட்டது. மீதி இரண்டு இடத்துக்குப் பத்து அணிகள். அந்தப் பத்தில் இரண்டு முறை உலகக் கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகளும் ஒன்று. (கிளைவ் லாயிட் காலத்து ஆட்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது தனிக் கதை.)

ஜிம்பாப்வேக்கு உலகக் கோப்பை புதிதல்ல. 1983 முதல் 2015 வரை ஒன்பது உலகக் கோப்பைகளில் ஒன்றைக்கூட விட்டதில்லை. 1982, 1986, 1990 என்று மூன்று முறை தொடர்ந்து ஐ.சி.சி. டிராபியை வென்று, அந்த வழியாகவே உள்ளே நுழைந்த நாடு அது. 1983-ல் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவைச் சாய்த்தது. கேப்டன் டங்கன் ஃப்ளெச்சர் 69 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், நான்கு விக்கெட்டும் எடுத்தார். அதே உலகக் கோப்பையில் டன்பிரிட்ஜ் வெல்ஸில் இந்தியாவை 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்று திணறடித்ததும் அவர்கள்தான். கபில்தேவின் 175 பிறந்தது அந்த நெருக்கடியில்தான். 1987-ல் சென்னைக்கும் வந்தார்கள், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். 1992-ல் எட்டோ பிராண்டஸ் என்ற கோழிப் பண்ணைக்காரர் நான்கு விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 125 ரன்னில் மடக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் இதே ஹராரே ஸ்போர்ட்ஸ் கிளப்பில், இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். டேவ் ஹௌட்டன் சதம் அடிக்க, 456 ரன் குவித்தார்கள். ஆட்டம் டிரா. முதல் டெஸ்ட்டில் தோற்காத நாடு என்ற பெயர், ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து அவர்களுக்குத்தான் கிடைத்தது.

இந்திய ரசிகர்கள் மறக்க முடியாத ஒன்றும் உண்டு. 1999 உலகக் கோப்பை, லெஸ்டர். வெற்றிக்குச் சில ரன்களே பாக்கி. நம்மூர் ராபின் சிங் களத்தில் இருக்கிறார். ஹென்றி ஒலாங்கா ஒரே ஓவரில் ராபின் சிங், ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத் மூவரையும் அனுப்பிவைத்தார். ஜிம்பாப்வே 3 ரன்னில் ஜெயித்தது.

அந்த மூன்று ரன் கடன் 19 ஆண்டுகள் கழித்து வேறு யாருக்கோ வசூலானது.

2018 மார்ச் 22-ல் எதிரணி ஐக்கிய அரபு அமீரகம். அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. போட்டியிலிருந்து ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது. ஜிம்பாப்வே ஜெயித்தால் இங்கிலாந்துக்கு டிக்கெட் உறுதி. மைதானம் நிரம்பி வழிந்தது. பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த இடம் அது. அமீரகம் 47.5 ஓவரில் 235 ரன் எடுத்திருந்தபோது மழை வந்தது. மார்ச் என்பது ஹராரேயில் மழைக்காலத்தின் வால் பகுதி. மழை விட்டதும் டக்வொர்த்-லூயிஸ் கணக்கு வந்தது: 40 ஓவரில் 230. ஷான் வில்லியம்ஸ் 80 ரன் எடுத்து அணியைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார். கடைசி ஓவரில் 15 ரன் தேவை. முகமது நவீத் பந்து வீசுகிறார், கிரெய்க் எர்வின் மட்டையைப் பிடித்திருக்கிறார். கடைசிப் பந்துக்கு ஒரு சிக்ஸர் வேண்டும். வரவில்லை. 226. மூன்று ரன்னில் தோல்வி.

அந்த மூன்று ரன்னுக்குக் கிரிக்கெட்டில் என்ன பொருள்? உலகக் கோப்பையில் ஆடினால் ஐ.சி.சி. தரும் பணம், டிவி, ஸ்பான்சர், அடுத்த நான்கு ஆண்டுக்குப் பெரிய அணிகள் ஆட வரும் வாய்ப்பு, பள்ளிப் பையன்கள் மட்டையைக் கையில் எடுக்கும் ஆசை எல்லாம் அதில் அடக்கம். எட்டு நாள் கழித்து அதன் விலையும் தெரிந்தது. பயிற்சியாளர் ஹீத் ஸ்ட்ரீக், கேப்டன் கிரேம் கிரீமர் உட்பட அணி நிர்வாகமே கலைக்கப்பட்டது. முதல் சுற்றில் ஆப்கானிஸ்தானை வென்றவர்கள் இவர்கள். அந்த ஆப்கானிஸ்தானோ முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்று, நேபாளம் ஹாங்காங்கை வென்ற புண்ணியத்தில் அடுத்த சுற்றுக்குத் தப்பிப் பிழைத்த அணி. அது உலகக் கோப்பைக்குப் போனதோடு மேற்கிந்தியத் தீவுகளை வென்று தகுதிச் சுற்றுக் கோப்பையையும் தூக்கியது. தன் வீட்டுக் கல்யாணத்தில் தனக்கே இலை இல்லை என்பது இதுதான்.

தொடரின் சிறந்த வீரர் விருது சிக்கந்தர் ராஸாவுக்கு. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பிறந்தவர். போர் விமானியாக ஆசைப்பட்டு, கண் பரிசோதனையில் தவறி, ஸ்காட்லாந்தில் சாஃப்ட்வேர் படித்து, பெற்றோர் குடியேறிய ஜிம்பாப்வேயில் கிரிக்கெட் வீரரானவர். விருதை வாங்கிக்கொண்டு அவர் மகிழவில்லை. 1.5 கோடி மக்களின் கனவு உடைந்ததைத்தான் இது நினைவூட்டும் என்றார். ஒரு விளையாட்டு உலகக் கோப்பையைப் பத்து அணிகளாகச் சுருக்குவதன் நியாயத்தையும் கேட்டார். மேடையில் ஐ.சி.சி. ஆட்கள் இருக்கும்போதே கேட்டார். பதில் வர சில ஆண்டுகள் ஆயின.

கிளப்பிலிருந்து தென்மேற்கே, 'கோம்பி' என்று அழைக்கப்படும் நெரிசல் வேன்கள் போய்வரும் தூரத்தில் இருக்கிறது ஹைஃபீல்ட். வெள்ளையர் ஆட்சி கறுப்பர்களுக்கு ஒதுக்கிய குடியிருப்பு. 1963-ல் ஸானு கட்சி பிறந்த இடம். இங்கேதான் தகாஷிங்கா கிளப். உறுதியாக நிற்பது என்ற பொருள் தரும் ஷோனா பெயர். ஹாமில்டன் மஸகட்ஸா, டடெண்டா டைபு போன்றவர்கள் இந்தக் கிளப்பின் பிள்ளைகள். மஸகட்ஸா 2001-ல் பள்ளிப் பருவம் முடியுமுன்பே தன் முதல் டெஸ்ட்டில் சதம் அடித்தார். டெஸ்ட் சதம் அடித்த முதல் கறுப்பின ஜிம்பாப்வே வீரர் அவர். காசில் கார்னரின் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் கிளப் பெவிலியனில் தேடக்கூடாது, இந்தப் பக்கம்தான் வரவேண்டும். 2023-ல் தகுதிச் சுற்று ஆட்டங்கள் தகாஷிங்காவிலும் நடந்தன. ஹைஃபீல்டுக்கு உலகக் கோப்பையின் ஓரம் வந்து சேர ஜிம்பாப்வே சுதந்திரமடைந்து 43 ஆண்டுகள் ஆயின.

நடுவில் நடந்தவை ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியவை, ஆனால் லேசானவை அல்ல. 2019 ஜூலையில், அரசுத் தலையீடு என்ற காரணம் சொல்லி ஐ.சி.சி. ஜிம்பாப்வேயை இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் தடை நீங்கியது. அடுத்த உலகக் கோப்பை 2023-ல் இந்தியாவில். மீண்டும் பத்தே அணிகள், மீண்டும் கடைசி இரண்டு இடம், மீண்டும் தகுதிச் சுற்று ஹராரேயிலும் புலவாயோவிலும்.

இந்த முறை மார்ச் அல்ல, ஜூன். மழை பயம் இல்லை. குளிர் காலம், வானம் நாள் முழுவதும் துடைத்து வைத்த மாதிரி நீலம். காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் தொடங்கும். ஹராரே கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. முதல் ஒரு மணி நேரம் பந்து வளைந்து நெளியும். டாஸ் வென்றவர் பெரும்பாலும் ஃபீல்டிங் கேட்பார்.

ஹராரேயில் ஜிம்பாப்வே ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு 2018-ன் கசப்பு ஒரே வாரத்தில் இறங்கியது. நேபாளத்துக்கு எதிராக எர்வின், வில்லியம்ஸ் இருவரும் சதம். நெதர்லாந்துக்கு எதிராக ராஸா 54 பந்தில் 102. நாட்டின் அதிவேக ஒருநாள் சதம். அன்று இரவு மைதானத்தில் தீப்பிடித்தது. எரிந்தது காசில் கார்னர் பக்கத்துக் கூரை! அதிகாரிகள் வந்து பார்த்து, ஆட்டம் நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, கூரை கருகிய அதே மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளை 35 ரன்னில் ஜெயித்தது ஜிம்பாப்வே. அடுத்து அமெரிக்காவுக்கு எதிராக 408 ரன், வில்லியம்ஸ் மட்டும் 174. 304 ரன் வித்தியாசத்தில் வெற்றி. நான்குக்கு நான்கு. டிரம் அடித்தவர்களின் கை ஓயவில்லை.

அட்டவணை போட்டவர்கள் ஒன்று செய்திருந்தார்கள். அடுத்த சுற்றில் ஜிம்பாப்வேயின் மூன்று ஆட்டமும் புலவாயோவில். (2018-ல் இது நேர்மாறு: முதல் சுற்று புலவாயோவில், முடிவு ஹராரேயில். எந்தப் பக்கம் போட்டாலும் கடைசிப் படியில் சறுக்கல்.)

ஹராரேயிலிருந்து புலவாயோ சுமார் 440 கிலோமீட்டர். சாலை கடோமா, க்வெக்வெ, க்வேரு என்று சுரங்க ஊர்களையும் பழைய தொழில் நகரங்களையும் தொட்டுக்கொண்டு போகும். க்வெக்வெ தங்கச் சுரங்க ஊர். 2018-ல் சில ஆட்டங்கள் அங்கேயும் நடந்தன. போகப் போக மரங்கள் குட்டையாகும், காற்று வறளும், பேச்சு ஷோனாவிலிருந்து ந்தெபெலேக்கு மாறும். புலவாயோ நகரத் தெருக்கள் விசாலமானவை. மாடுகள் பல ஜோடி பூட்டிய வண்டியைத் திருப்பும் அளவுக்கு அகலம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிப் போட்டதாகச் சொல்வார்கள். இன்று அந்த அகலத்தை நிரப்ப வண்டி போதவில்லை. ரயில்வேயின் தலைமையகமும் ஆலைகளுமாக ஒரு காலத்தில் நாட்டின் தொழில் நகரமாக இருந்தது. ஆலைகள் பல மூடிவிட்டன. எல்லாம் ஹராரேக்கே போகிறது என்ற மனக்குறை இந்த ஊருக்கு நெடுநாளாக உண்டு. 1980-களில் இந்த வட்டாரத்தில் ராணுவம் நடத்திய படுகொலைகளை நினைத்தால், அது வெறும் மனக்குறை அல்ல.

குவீன்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஊருக்கு ஏற்ற மைதானம். எல்லைக் கோட்டுக்குப் பின்னால் பெரிய மரங்கள், மர நிழலில் குடும்பம் குடும்பமாக ஜனம், சோளமாவில் கிண்டிய சாட்ஸாக் களி, இறைச்சி. ஹராரேயின் ஆர்ப்பாட்டம் இங்கே கொஞ்சம் குறைவு. ஜூலை முதல் வாரம் மட்டும் இங்கேயும் இடமில்லை. ஓமானை ஜெயித்தாகிவிட்டது. மீதி இரண்டு ஆட்டத்தில் ஒன்றை வென்றால் இந்தியா.

ஜூலை 2, இலங்கை. ஜிம்பாப்வே 165-ல் சுருண்டது. பதும் நிஸங்க சதம் அடித்து, ஒன்பது விக்கெட்டில் இலங்கையை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். சரி, இலங்கை பெரிய அணி. ஜூலை 4, ஸ்காட்லாந்து. அவர்கள் எடுத்தது 234; ஹராரேயில் ஆடிய ஆட்டத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கிறிஸ் சோல் என்ற வேகப்பந்து வீச்சாளர் முதல் பந்திலேயே ஒரு விக்கெட்டைச் சாய்த்தார், அடுத்து இன்னும் இரண்டு. 37 ரன்னுக்கு நான்கு விக்கெட். ரையன் பர்ல் 83 ரன் எடுத்துத் தனியாக இழுத்தார். 203-ல் எல்லாம் முடிந்தது. 600 ரன் எடுத்த வில்லியம்ஸ் தொடரின் சிறந்த வீரர். இரண்டு தகுதிச் சுற்று, இரண்டு சிறந்த வீரர் விருது, இரண்டும் ஜிம்பாப்வேக்காரர்களுக்கு. உலகக் கோப்பை மட்டும் இல்லை.

அந்த இடத்தைப் பிடித்தது, ராஸாவிடம் அடிவாங்கிய அதே நெதர்லாந்து. பாஸ் டி லீடே ஸ்காட்லாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டும் சதமும் எடுத்துத் தன் அணியைத் தூக்கிவிட்டார். அக்டோபரில் தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவையும் அவர்கள் கவிழ்த்தார்கள். ஹராரேயில் அதை டிவியில் பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளும் வீட்டிலிருந்தே பார்த்தன என்பது ஒரு ஆறுதலாக இருந்திருக்காது. நவம்பரில் நமீபியாவில் நடந்த டி20 தகுதிச் சுற்றில் உகாண்டாவிடமும் தோற்று, 2024 டி20 உலகக் கோப்பையும் போயிற்று. அவமானத்தின் அடிமட்டம் எது என்று அந்த நாட்டு ரசிகர்களைக் கேட்டால் யுஏஇ, ஸ்காட்லாந்து, உகாண்டா என்று மூன்று விடை வரும்.

இருந்தும் அந்த மைதானத்துக்கு ஒரு குணம் உண்டு: யாரையும் முன்கூட்டி நம்பாது. 2024 ஜூலையில், டி20 உலகக் கோப்பையை வென்ற கையோடு இந்தியா தன் இளைஞர்களை ஹராரேக்கு அனுப்பியது. முதல் ஆட்டத்தில் 116 ரன் எடுக்க முடியாமல் 102-ல் ஆட்டமிழந்தது ஷுப்மன் கில்லின் அணி. அடுத்த நான்கையும் இந்தியா வென்று, சென்னையின் வாஷிங்டன் சுந்தர் தொடர் நாயகனானார் என்பது வேறு விஷயம். காசில் கார்னருக்கு முதல் ஆட்டமே போதும்.

2025 செப்டம்பர் இறுதியில் டி20 தகுதிச் சுற்று மீண்டும் ஹராரேக்கு வந்தது. இம்முறை சறுக்கவில்லை. அரையிறுதியில் கென்யாவை ஏழு விக்கெட்டில் வென்று, இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்தும் 2026 போட்டிக்குள் ஜிம்பாப்வே நுழைந்தது. சொந்த மண்ணில் எழுதி, ஒருவழியாகப் பாஸான பரீட்சை.

ராஸா கேட்ட கேள்விக்கும் பதில் வந்தது. 2027 உலகக் கோப்பையில் மறுபடி 14 அணிகள். நடத்துவது தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா. நடத்தும் நாடு என்ற தகுதியில் முதல் இரண்டும் நேரடியாக உள்ளே. நமீபியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அது ஐ.சி.சி.யின் முழு உறுப்பினர் அல்ல. விண்ட்ஹோக்கில் பந்தல் போடவேண்டும், பந்தியில் உட்காரத் தகுதிச் சுற்றில் தனியாக ஜெயிக்கவேண்டும். ஜிம்பாப்வேக்காரர்களுக்கு அந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2003-ல் இதே மூன்று நாடுகளில் இரண்டு (கூடவே கென்யா) சேர்ந்து உலகக் கோப்பை நடத்தின. அப்போது ஹராரேயில் நடந்த முதல் ஆட்டத்தில், நமீபியாவுக்கு எதிராக, ஆண்டி ஃப்ளவரும் ஒலாங்காவும் கையில் கறுப்புப் பட்டி கட்டி ஆடினார்கள். நாட்டில் ஜனநாயகம் இறந்ததற்குத் துக்கம் என்று அறிக்கை விட்டார்கள். இருவரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. இங்கிலாந்து ஹராரேக்கு ஆட வர மறுத்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் அதிபர் மாளிகை, இந்தப் பக்கம் கறுப்புப் பட்டி. கோப்பை நடத்துவதற்கான விலை அப்போது வேறு மாதிரி இருந்தது.

2027 உலகக் கோப்பை அக்டோபர், நவம்பரில். ஹராரேக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2018-ன் மார்ச்சிலும் 2023-ன் ஜூனிலும் கிளப்பைச் சுற்றிய ஜகரண்டா மரங்களில் பூ இல்லை. அவை பூக்கும் காலம் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பர் வரை. அப்போது தெருவெல்லாம் ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கும். காசில் கார்னரில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும்.